குடலுக்கு ஒரு குறுக்குவழி

நம் கல்யாண வீடுகளில் ஒருவர் திடீரென்று மெலிந்து வந்து நின்றால் முதலில் சர்க்கரையைச் சந்தேகிப்பார்கள். அடுத்து, குரலைத் தாழ்த்தி, “பைபாஸ் செய்தவராம்” என்பார்கள். இதயத்தில் அல்ல, வயிற்றில். வாயைக் கட்ட முடியாதவர் கத்தியை நாடினார் என்பது அந்தக் கிசுகிசுப்பின் உட்பொருள். சிகிச்சையின் முதல் வடிவமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. வாயைக் கட்ட முடியாவிட்டால் குடலைக் கட்டிவிடலாம் என்பதுதான் அதன் கணக்கு.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கிரெமன், ஜான் லின்னர் குழுவினர் சிறுகுடலின் எந்தப் பகுதி எந்தச் சத்தை உறிஞ்சுகிறது என்று நாய்களில் ஆராய்ந்து 1954இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆண்டுகளிலேயே அது மனித உடலுக்கும் வந்துவிட்டது. 1960களின் இறுதியில் பெய்ன், டிவிண்ட் என்ற இரு மருத்துவர்கள் அதற்கு அளவு வகுத்தார்கள்: சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலம், கடைப்பகுதியில் 4 அங்குலம். இரண்டையும் இணைத்துவிட்டு, நடுவிலிருந்த குடலை உணவே போகாத கிளையாக ஒதுக்கிவிடுவது. இரைப்பையை யாரும் தொடவில்லை.

எடை குறையத்தான் செய்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு. செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. கால்சியத்தோடு சேர்ந்து கழிந்திருக்க வேண்டிய ஆக்சலேட் இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் கல்லாயிற்று. உணவும் பித்தநீரும் ஓடாத குடல், தேங்கிய குட்டையைப் போல் பாக்டீரியாக்களை வளர்த்தது. மூட்டுகள் வீங்கின. சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிரே போனது. பலருக்கு மறுபடியும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. மென்பொருள் துறையில் பிழையைப் பயனர்களே கண்டுபிடித்துச் சொல்வது எங்களுக்குப் பழக்கம். அங்கே போவது பணமும் நேரமும். இங்கே ஒவ்வொரு பிழையும் ஒரு நோயாளியின் உடம்பில்தான் தெரியவந்தது. 1980 வாக்கில் இந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் மெலிந்துபோவதை அவர் கவனித்தார். 1966இல் அவரும் சிகாஷி இட்டோவும் இரைப்பையைக் குறுக்கே பிரித்து, மேலே ஒரு சிறு பையை மட்டும் உணவுக்கு விட்டு, சிறுகுடலை ஒரு வளையமாக மேலிழுத்து அதில் தைத்தார்கள். இதுதான் முதல் இரைப்பை பைபாஸ். எதையும் வெட்டி எறியவில்லை. பித்தநீர் ஒதுக்கப்பட்ட பகுதி வழியாக ஓடிக்கொண்டே இருந்ததால் பழைய குட்டை இங்கே இல்லை.

ஆனால் வளையத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பித்தநீர் அந்தச் சிறு பைக்குள் ஏறி எரித்தது. 1977இல் வார்ட் கிரிஃபென் குழுவினர் அதற்குப் பழைய தீர்வொன்றை எடுத்தாண்டார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் சேசர் ரூ என்ற அறுவை மருத்துவர் 1890களில் வகுத்த இணைப்பு அது. உடற்பருமனுக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை. உண்டிவில்லின் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிளையில் உணவு வருகிறது, மறு கிளையில் பித்தநீரும் கணையநீரும் வருகின்றன, இரண்டும் கீழே காம்பில் சேர்கின்றன. ‘ரூ-என்-வை’ என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். 1994இல் விட்குரோவும் கிளார்க்கும் இதைச் சிறு துளைகள் வழியே செய்யலாம் என்று காட்டிய பிறகே பரவலாயிற்று.

இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோபினாரோ 1976இல் தொடங்கிய முறையில் அந்தக் காம்பு வெறும் 50 சென்டிமீட்டர். எடைக்குறைப்பில் மிக வலியது, புரதக் குறைபாட்டிலும் அப்படியே. 1997இல் அமெரிக்காவின் ராபர்ட் ரட்லெட்ஜ் ‘மினி பைபாஸ்’ என்று மேசனின் ஒற்றை வளையத்துக்கே திரும்பினார், பையை மட்டும் நீளமாக்கி. பித்தநீரைப் பற்றிய பழைய சண்டையும் கூடவே திரும்பியது. இந்த முறையையும் ரூ-என்-வையையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு ஆண்டில் எடைக்குறைப்பு சளைத்ததல்ல. சத்துக்குறைபாடும் வயிற்றுப்போக்கும் வளைய முறையில் கூடுதல். எனக்கு இது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது: ஒரு தையல் குறைவு என்பதற்கும் விலை உண்டு.

குடலை வெறும் குழாயாகப் பார்த்த கணக்கை உடைத்தது 1995இல் வந்த ஒரு கட்டுரை. வட கரோலினாவின் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரை 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்திருந்தார். நீரிழிவு இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சர்க்கரை இயல்புநிலைக்கு வந்திருந்தது. அதுவும் பலருக்கு, எடை இறங்குமுன், சில நாட்களிலேயே. உணவு சீக்கிரமாகக் கீழ்க்குடலைத் தொட்டதும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன; இன்சுலின் கூடுகிறது, பசி அடங்குகிறது. வாயைக் கட்டுவது மனவுறுதியால் மட்டும் ஆவதல்ல, குடலும் மூளைக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று பேசப்படும் செமாகுளூடைட் ஊசி ஜிஎல்பி-1 வேலையைத்தான் நகலெடுக்கிறது.

நமக்கு இது வேறொரு வகையில் முக்கியம். 1991இன் அமெரிக்க நெறிமுறைப்படி உடல் நிறை குறியீடு 40, துணைநோய் இருந்தால் 35 வேண்டும். குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடும் தெற்காசியர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே இதை வழங்கலாம் என்று சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் சொன்னது 2022இல்தான்.

மேசன் 2020 இறுதியில், நூறு வயதில் காலமானார். அதற்குள் அமெரிக்காவில் அவருடைய பைபாஸை இரைப்பையைக் குழல்போல் வெட்டும் ‘ஸ்லீவ்’ முந்திவிட்டிருந்தது. பெரிய அறுவைக்கு முன் முதற்கட்டமாகச் செய்யப்பட்டது அது. இரண்டாம் கட்டத்துக்குப் பலர் திரும்பி வரவே இல்லை. முதற்கட்டமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.