நாயோடு பயணம் போகுமுன்: ஓர் ஊசியின் வரலாறு

செந்தூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பட்டறையை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. அவர்களுடைய உறவினர் பலர் தோட்டங்களில் இருந்தார்கள். ஆகவே விடுமுறை வந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செந்தூல் பயணம்தான். "சார், எங்க நாயையும் பாட்டி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்பதுண்டு. "அதற்கு ஊசி போட்டாயிற்றா?" என்று நாம் திருப்பிக் கேட்போம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பல உயிர்களின் கதை இருக்கிறது.

வெறிநாய்க்கடி நோய்க்கு ஒரு கொடிய குணம் உண்டு. நோயுள்ள நாய் கடித்த பிறகு, அறிகுறி தோன்றச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். அதுவரை கடிபட்ட நாய் வாலாட்டும், உண்ணும், விளையாடும். அதனை வேறோர் ஊருக்குக் கொண்டு போனால் நோயும் கூடவே பயணம் செய்யும். மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டாலோ, பிழைப்பது மிக மிக அரிது.

1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைப் பாரிசுக்குக் கொண்டு வந்தார்கள். லூயி பாஸ்டர் உருவாக்கிய ஊசி மருந்து அவனுக்கு அளிக்கப்பட்டது, அவன் பிழைத்தான். ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதுமா? அது எட்டும் தொலைவில் இருக்க வேண்டுமல்லவா? 1902இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இந்நோயால் இறந்தார். அக்காலத்தில் இதற்குச் சிகிச்சை தந்த நிலையம் வடக்கே, இமயமலை அடிவாரக் கசௌலியில் இருந்தது. இத்தகைய சாவுகளைத் தடுக்கவே, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் கடுமையாகப் பரவியது. கடிபட்ட மனிதருக்கு மருந்து தருவதோடு நில்லாமல், நாய்களுக்கே முன்கூட்டி ஊசி போடுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஊசி கட்டாயமாயிற்று. தெருநாய்களும் ஊசி போடாத நாய்களும் கொல்லப்பட்டன. வளர்த்தவர்களுக்கு அது எத்தகைய துயரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி போட்ட நாய் பிழைத்தது. போடாத நாய் சாவை எதிர்நோக்கியது. இந்த முயற்சியால் நோய் அடங்கியது.

நோய் மீண்டும் எல்லை தாண்டி வராதிருக்க, 1955இல் தாய்லாந்து எல்லை நெடுகிலும் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் மாநிலங்களில் சுமார் 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு காப்பு வளையம் அமைக்கப்பட்டது. அங்குள்ள நாய்களுக்கு ஊசி போட்டு, நோய்க்கு வழியடைப்பதே அதன் நோக்கம். சிங்கப்பூரில் 1953க்குப் பின் இந்நோய் இல்லை. அந்தத் தீவு வெளியிலிருந்து வரும் நாய்களுக்குக் கடும் நிபந்தனை விதிப்பது இதனால்தான்.

ஆயினும் காவல் தளர்ந்தால் நோய் திரும்பும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரையும் பறித்தது.

ஆகவே நேயர்களே, நாயோடும் பூனையோடும் செய்யும் பயணத்திற்கு ஆயத்தம் புறப்படும் நாளன்று தொடங்குவதன்று. பல வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஊசி போட்டு, அதற்கான அட்டையைப் பெறுங்கள். ஊசியின் பலன் உடலில் ஊறச் சில வாரங்கள் ஆகும். மாநிலம் விட்டு மாநிலம் போவதானால், அனுமதி வேண்டுமா என்பதைக் கால்நடை இலாகாவில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக்குக்குக் கொண்டு போக அனுமதிப் பத்திரம் தேவை. இரயிலோ பேருந்தோ ஏற்றிக்கொள்ளுமா என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள்.

காற்றோட்டமுள்ள கூண்டைச் சில நாள் முன்பே வீட்டில் வைத்துப் பழக்குங்கள். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இலேசான உணவு கொடுத்து முடியுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில், மூடிய காருக்குள் நாயைச் சிறிது நேரமும் விட்டுச் செல்லாதீர்கள். வழியில் எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாட்டி வீட்டுக்கு நாயைக் கூட்டிப் போகலாமா என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்வது இதுதான்: "போகலாம். ஆனால் அட்டையையும் எடுத்துக்கொண்டு போ." அந்தச் சிறு அட்டை கைக்கு எட்டாத காலத்தில் மனிதரும் மாண்டனர், நாய்களும் மாண்டன. இன்று அது எட்டும் தொலைவில் இருக்கிறது.