ஏகலைவனுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

ஏகலைவன் கதையை நமக்குக் குருபக்திப் பாடமாகவே சொல்லித் தந்தார்கள். விரலைக் கொடுத்தவனைப் புகழச் சொன்னார்கள். கேட்டவரைக் கேள்வி கேட்கச் சொல்லவில்லை. வில்லிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுப்பதென்றால், நாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வருவது இதுதான். ஏகலைவன் நிஷாதர் தலைவனின் மகன். நிஷாதன் என்பதாலேயே துரோணர் அவனைச் சேர்க்கவில்லை. காட்டில் மண்ணால் அவர் உருவத்தைச் செய்து வைத்து, தானே பயின்றான். குரைத்த நாயின் வாய்க்குள் ஏழு அம்புகளை எய்தான். 'என்னைவிடச் சிறந்த மாணவன் இருக்க மாட்டான் என்றீர்களே' என்று அருச்சுனன் முறையிட்ட பிறகே துரோணர் காட்டுக்கு வந்து வலது கட்டை விரலைக் கேட்டார். சொல்லிக் கொடுக்காத பாடத்துக்குத் தட்சிணை!

இது இதிகாசம், நடந்த வரலாறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் திறமை யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக் கூடாது என்று சாதியச் சமூகம் நினைத்ததற்கு இது அவர்களே எழுதி வைத்த வாக்குமூலம். 1985 முதல் சிறந்த பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு தரும் விருதின் பெயர் துரோணாச்சாரியா!

விரல் போனாலும் வில் போகவில்லை. மீதி விரல்களால் ஏகலைவன் எய்தான், பழைய வேகம்தான் இல்லை என்கிறது அதே பர்வம். இன்றைய ஒலிம்பிக் வில்வித்தையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும்தான் நாணை இழுக்கின்றன. கட்டை விரலுக்கு அதில் வேலையே இல்லை. 1992இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்த லிம்பா ராம், ராஜஸ்தானின் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லில் தொடங்கியவர்.

வரலாற்றில் நடந்த இன்னொன்றையும் பார்ப்போம். 1855 ஜூன் 30 அன்று போக்நாடி கிராமத்தில் சித்து, கானு சகோதரர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கான சந்தால் மக்கள் திரண்டார்கள். வட்டிக்காரர்களையும் ஜமீன்தார்களையும் கம்பெனி ஆட்சியையும் வில்லேந்தி எதிர்த்தார்கள். துப்பாக்கிகள் அவர்களை வீழ்த்தின. ஆனாலும் சந்தால் பர்கானாவைத் தனி நிர்வாகப் பகுதியாகப் பிரிக்கும் நிலைக்குக் கம்பெனி வந்தது.

ஏகலைவனிடம் பயிற்சி இருந்தது, குறி இருந்தது. 'ஏன் கொடுக்கணும்?' என்று கேட்கப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. சந்தால்களுக்குப் பக்கத்தில் ஊரே நின்றது.

தோழர்களே, இன்று விரலை யாரும் கத்தியோடு வந்து கேட்பதில்லை. நேர்காணலில் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார்கள். உதவித்தொகையை நிறுத்தி வைப்பார்கள். அப்படி நடந்தால், அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். நண்பர்களிடமும் அமைப்பிடமும் சொல்லுங்கள். புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள்.

குறி பார்க்கத் தனியாகப் பழகலாம். விரலைக் காப்பாற்ற நாம் சேர்ந்துதான் நிற்க வேண்டும்.