அணாவின் காலமும் அன்றாடக் கூலியும்: 1955ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்தல்



நம் சபையின் மூத்தோர் பழைய நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு சொல் தவறாமல் வரும்: "அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு." காலணாவுக்கு மிட்டாய், ஓரணாவுக்குக் காப்பி, சில அணாக்களுக்குச் சினிமா. இளையோர் வியப்போடு கேட்கின்றனர். விலை ஏறிவிட்ட இந்நாட்களில் அந்தப் பேச்சு ஒரு பொற்காலக் கதைபோல் ஒலிக்கிறது. இவ்வாரம் அக்காலத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டையும் அதன் முன்பின் ஆண்டுகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காசு. நம் வட்டாரம் 1948 மார்ச் 3ஆம் நாள்வரை புதுக்கோட்டைச் சமஸ்தானமாக இருந்தது. ஆகையால் நம் முன்னோர் இரண்டு கணக்குகளை மனத்தில் வைத்திருந்தனர். ரூபாய், அணா, பைசா என்பது பொதுக்கணக்கு: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 தம்படி. இதனோடு சமஸ்தானத்துக்கே உரிய அம்மன் காசும் புழங்கியது. பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்தச் சிறு செப்புக்காசு 20 சேர்ந்தால் ஓர் அணா. 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். இவ்வளவு சிறிய நாணயம் ஏன் தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு சிறிய அளவில்தான் ஏழை மக்கள் பொருள் வாங்க முடிந்தது என்பதே என் விடை.

எடையும் அளவும் வேறாயிருந்தன. அரிசியைப் படியாலும் மரக்காலாலும் அளந்தனர். புளியையும் வெல்லத்தையும் பலத்திலும் வீசையிலும் நிறுத்தனர். ஒரு வீசை 40 பலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும். கொடுக்கும் படி ஒன்றும் வாங்கும் படி வேறொன்றும் வைத்திருந்த வீடுகளைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உபாகமத்தில் இரண்டு விதமான படிக்கற்களைப் பற்றிய எச்சரிப்பு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் தாத்தாக்களுக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல்தான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

இனி விலைகளுக்கு வருவோம். 1955இல் 10 கிராம் தங்கம் ஏறக்குறைய 79 ரூபாய். எட்டுக் கிராம் கொண்ட பவுன் 63 ரூபாய் அளவில் வருகிறது. கேட்டவுடன் நமக்குப் பெருமூச்சு வரும். ஓர் அஞ்சலட்டை முக்கால் அணா. அந்த ஆண்டுகளில் உணவுப்பொருள்களின் விலையும் சற்றே தாழ்ந்துதான் இருந்தது. 1952இல் இராஜாஜி அரசு அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தது. அடுத்துவந்த நல்ல விளைச்சல்களால் நாடெங்கும் தானிய விலை இறங்கியது. ஆகவே நம் மூத்தோரின் நினைவு பொய்யன்று.

ஆனால் பிரியமானவர்களே, விலையை மட்டும் சொல்லிக் கூலியைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கணக்கு. வேதாகமம் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. திராட்சத்தோட்டத்து உவமையில் ஒரு நாள் கூலி இன்னதென்று ஆண்டவர் சொல்லுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு கோதுமை கிடைக்கும் என்று விலை கூறப்படுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பஞ்சத்தின் கொடுமை விளங்கும்.

அவ்வாறே 1950களின் கூலியையும் பார்ப்போம். இந்திய அரசு இருமுறை விவசாயத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது. 1950-51இல் ஓர் ஆண் விவசாயக் கூலியின் சராசரி நாட்கூலி, புதிய காசுக்கணக்கில், 109 பைசா. 1956-57இல் அது 96 பைசாவாகக் குறைந்தது. பெண்களுக்கு 68 பைசாவிலிருந்து 59 பைசாவாக இறங்கியது. நாடு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், நிலமற்றவனின் கூலி கீழே போயிற்று. இந்த ஒரு செய்தி அந்தப் பொற்காலப் பேச்சைப் பெரிதும் அசைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

அந்த 96 பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம். ஒரு பவுன் வாங்க ஓர் ஆண், ஒரு காசும் உண்ணாமல் உடுக்காமல், ஏறத்தாழ 65 நாள் உழைக்கவேண்டும். ஒரு பெண் நூறு நாளைத் தாண்டி உழைக்கவேண்டும். வேலையோ ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி; கண்மாய் நிறைந்தால் நடவு உண்டு, அறுவடை உண்டு, பின்பு நீண்ட வெறுமை. இன்னொரு கணக்கு: அன்றைய கூலிக்கு ஏறக்குறைய 20 அஞ்சலட்டைகள் வாங்கலாம். 2025இல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியத்துக்கு 600க்கும் மேற்பட்ட அட்டைகள் கிடைத்தன. அஞ்சலட்டையை அரசு நட்டத்தில் விற்பதால் இது முற்றிலும் நேர்மையான ஒப்பீடன்று. ஆயினும் முக்கால் அணா என்பது அன்று ஏழைக்கு அற்பத் தொகையாயிருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பிறக்கும் குழந்தை சராசரியாக 32 ஆண்டுகள் வாழும் என்றே அக்காலத்தில் மதிப்பிட்டனர். மலிவான காலம் என்று நினைவுகூரும் முதியோர், அந்தக் காலத்தைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பொழுதுபோக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லாமல் அந்நாட்களின் மணம் வராது. வானொலி இருந்த வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. திருச்சி நிலையம் 1939 முதல் ஒலிபரப்பிவந்தது. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், 1952 முதல், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தது. நல்ல சங்கீதத்தை வளர்ப்பது அவர் எண்ணம். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடல் கடந்து வந்த பாட்டை நம் ஊர்கள் கேட்டன. 1957இல் விவித பாரதி தொடங்கியபோது அரசு ஒருவகையில் தோல்வியை ஒப்புக்கொண்டது. மேலிருந்து ரசனையைத் திணிக்க முயலும் எவரும், போதகர்கள் உட்பட, இதை நினைவில் கொள்ளலாம்.

சினிமாவுக்கு டூரிங் டாக்கீஸ். மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கும் தரை டிக்கெட், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. 1955 பொங்கலுக்கு வந்த 'மிஸ்ஸியம்மா' நமக்கு இருவகையில் உறவு. அதன் கதாநாயகன் ஜெமினி கணேசன் புதுக்கோட்டையில் பிறந்தவர். கதாநாயகியாகிய சாவித்திரி ஏற்ற வேடமோ மேரி என்னும் கிறிஸ்தவப் பெண். வேலைக்காக ஓர் இந்து இளைஞனும் அவளும் கணவன் மனைவிபோல் நடிக்கும் வேடிக்கைக் கதை அது. முடிவில் அவள் பிறப்பு வேறென்று தெரியவருவதால் சிக்கல் எளிதாய்த் தீர்ந்துவிடுகிறது. மிக எளிதாய்த் தீர்ந்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றும்.

அதே ஜெமினி கணேசனின் அத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் புதுக்கோட்டையின் மகளே. 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் அவர் உருவாக்கிய புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. நம் ஊர்களிலிருந்து இன்றும் நோயாளிகள் அங்குச் செல்கின்றனர். அந்த ஆண்டுகளின் செய்திகளில் எது நிலைத்தது என்று கேட்டால் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

செய்தி என்றதும் ஒரு துயரம் முந்திக்கொண்டு வருகிறது. 1955 நவம்பர் 30ஆம் நாள் கடும்புயல் ஒன்று இராஜாமடம் அருகே கரையைக் கடந்தது. அறந்தாங்கியும் அன்று தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் தென்கடற்கரை நமக்கு எட்டாத தொலைவன்று. கடல் பொங்கி உள்நாட்டுக்குள் புகுந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டு, 1956 நவம்பர் 23ஆம் நாள், அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாம் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பேசிச் சென்றார். காமராசர் அரசின் மதிய உணவும் 1956இல்தான் பள்ளிகளில் பரவத் தொடங்கியது.

பில்லி கிரகாம் புறப்பட்டு வந்த அமெரிக்காவை நம் மக்கள் செல்வபூமியாகவே எண்ணினர். காரணமும் இருந்தது. 1956 மார்ச் 1 முதல் அங்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர். அன்றைய மாற்றுவிலையில் டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. அங்கு ஒரு மணி நேரம். இங்கு ஓர் ஆணுக்கு ஐந்து நாள். ஆனால் அந்தச் சட்டம் வயலில் வேலை செய்வோரையும் வீட்டுவேலை செய்வோரையும் தன் காப்புக்குள் சேர்க்கவில்லை. தென்மாநிலங்களில் அவ்வேலைகளைச் செய்தவர்களில் மிகப் பலர் கறுப்பின மக்கள்.

இராஜாமடத்தில் புயல் அடித்த மறுநாள், 1955 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண், பேருந்தில் தன் இருக்கையை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் பலர் நடந்தே சென்றனர். ஓராண்டுக்கும் மேல், 381 நாள். தலைமை தாங்கியவர் 26 வயதான ஓர் இளம் போதகர், மார்ட்டின் லூதர் கிங்.

நம் நாட்டிலும் அதே 1955 ஜூன் 1 முதல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. கடையிலும் கிணற்றிலும் கோவிலிலும் ஒருவரை விலக்குவது அன்றுமுதல் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் டெல்லியில் வந்தது. தேநீர்க்கடையில் தனிக்குவளை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓரணாவுக்குக் காப்பி என்று நாம் நினைவுகூரும்போது, அந்த ஓரணாவைக் கொடுத்தும் உள்ளே உட்கார முடியாதவர்கள் இருந்தனர். தமிழ்ச் சபைகளும் இதற்கு விலக்காயிருக்கவில்லை. ஆலயத்தில் தனி வரிசை, கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி என்று பல இடங்களில் சாதி பிரித்தே வைத்தது. சில இடங்களில் அது இன்னும் முடியவில்லை.

கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை வழியாகத் தெற்கே பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றில் அவரை அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப்போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று மாணவர்களிடம் கூறினாராம். முதலில் தமக்கு அது அதிர்ச்சியாகவும் மனக்கசப்பாகவும் இருந்தது என்று, 1965ஆம் ஆண்டுப் பிரசங்கம் ஒன்றில் கிங் நினைவுகூர்ந்தார். பின்பு தம் நாட்டில் தம் மக்கள் இருக்கும் நிலையை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆம், நானும் அப்படிப்பட்டவன்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம்.