சின்னமும் துணியும்: ஓர் அமெரிக்கக் காலாட்படை டிவிஷனின் சீருடைகளைச் சேகரிப்பது குறித்து

1

போர் முடிந்தபின் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்குப் பாடநூல்கள் எல்லைக்கோடுகளையும் ஒப்பந்தங்களையும் காட்டுகின்றன. ராணுவப் பொருள்களைச் சேகரிப்பவர்களைக் கேட்டால் அவர்கள் காட்டுவது துணி. கம்பளிச் சட்டை, இரும்புத்தொப்பி, கழுத்தில் தொங்கிய அடையாளத் தகடு, தோளில் தைத்த ஒரு சின்னம். அமெரிக்காவில் இதை யாரோ சிலருடைய கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சங்கங்கள், சந்தைகள், விலைப்பட்டியல்கள், நிபுணர்கள் எல்லாம் கொண்ட ஒரு நிறுவனமாகவே அது இயங்குகிறது. ராணுவச் சின்னங்களைச் சேகரிப்பவர்களின் சங்கம் அங்கே 1937இலேயே தோன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே முந்தைய போரின் துணிகளைத் தேடி அலைந்தவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

இவர்களில் பலர் கண்டதையெல்லாம் வாங்குவதில்லை. ஒரே ஒரு டிவிஷனைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாவோ தாத்தாவோ இருந்த டிவிஷன், அல்லது சொந்த மாநிலத்து டிவிஷன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் அமெரிக்கக் காலாட்படை டிவிஷன் என்றால் சுமார் பதினாலாயிரம் பேர். ஊர் மாதிரி. அந்த ஊருக்குப் பெயர்ப்பலகை தோளில் இருக்கும். இந்தத் தோள்சின்னப் பழக்கம்கூடப் பழையதல்ல. 1918இல் 81ஆம் டிவிஷன் காட்டுப்பூனை உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போனது. மற்ற பிரிவுகள் ஆட்சேபித்தன. தளபதி பெர்ஷிங் தடுப்பதற்குப் பதிலாக எல்லா டிவிஷன்களும் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். முகங்களை அழித்து ஒரே மாதிரி ஆக்குவதற்காக வந்த சீருடைக்குள் வித்தியாசம் திரும்ப நுழைந்த இடம் இது. சேகரிப்பாளன் தேடுவதும் இந்த வித்தியாசத்தைத்தான்.

இங்கே 45ஆம் காலாட்படை டிவிஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் தோளில் ஒரு குறி மாறிய கதை, சேகரிப்பு என்ற செயல் எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கைவிடுகிறது என்பதை நன்றாகக் காட்டிவிடுகிறது.

2

45ஆம் டிவிஷன் தேசியக் காவல்படையைச் சேர்ந்தது. ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா என்ற நான்கு மாநிலங்களின் ஆட்கள். 1924 ஆகஸ்டில் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சின்னம் இது: முனையில் நிற்கும் ஒரு சிவப்புச் சதுரம்; நான்கு பக்கங்கள் நான்கு மாநிலங்களுக்கு; சிவப்பும் மஞ்சளும் அந்நிலத்தின் ஸ்பானியப் பழமைக்கு; நடுவில், அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் விதமாக, மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வஸ்திகா.

கணக்குப் புத்தகத்திலும் வாசல் கோலத்திலும் இந்தக் குறியைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி குறைவாகவே இருக்கும். நவஹோ மக்களிடம் இது சுழலும் மரக்கட்டைகளின் உருவம். நோய் தீர்க்கும் சடங்குகளின் மணல் ஓவியங்களில் இடம்பெறுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர்கள் இதைக் கம்பளங்களில் நெய்யச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்கள். அதாவது ராணுவத்தின் தோளுக்கு வருவதற்கு முன்பே இக்குறி சடங்கிலிருந்து சந்தைக்கு இறங்கியிருந்தது.

1930களில் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் டிவிஷன் இந்தச் சின்னத்தைக் கைவிட்டது. பல வடிவங்கள் பரிசீலிக்கப்பட்டு, ஓக்லஹோமாவின் கார்னகி என்ற ஊரைச் சேர்ந்த கயோவா இன ஓவியர் வூடி பிக் போவின் இடிப்பறவை 1939இல் ஏற்கப்பட்டது. அதே சிவப்புச் சதுரம், அதே மஞ்சள். சட்டகத்தில் ஒரு நூல்கூட அசையவில்லை. உள்ளே இருந்த குறிப்பான் மட்டும் மாற்றப்பட்டது. இரண்டுமே பூர்வகுடிகளின் குறிகள்.

1940இல் நவஹோ, பாப்பகோ, அப்பாச்சி, ஹோப்பி இனங்களின் பிரதிநிதிகள் கூடி, தங்கள் கம்பளங்களிலும் கூடைகளிலும் இனி ஸ்வஸ்திகாவைப் பயன்படுத்துவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். தூரதேசத்தில் ஒரு கட்சி செய்த காரியத்திற்கு, தங்களுடைய குறியை இவர்கள் துறக்க வேண்டியிருந்தது. குறியின் அர்த்தத்தைத் தீர்மானிப்பவர் அதை முதலில் வரைந்தவர் அல்லர். அதிக பலத்தோடு அதைப் பயன்படுத்துபவர். குறியியல் பேசும் நாம் குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த உறவை அறுப்பதும் ஒட்டுவதும் அதிகாரம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

3

1924 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஸ்வஸ்திகா சின்னம் அங்கீகரிக்கப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், அந்த ஜூனில்தான், பூர்வகுடிகள் அனைவரையும் அமெரிக்கக் குடிமக்களாக அறிவிக்கும் சட்டம் வந்தது. ஆனால் அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அவர்களை ஓட்டுப் போட விடவில்லை. அரிசோனாவில் அவர்கள் ‘பாதுகாவலின் கீழ் உள்ளவர்கள்’. நியூ மெக்சிகோவில் ‘வரி செலுத்தாத இந்தியர்கள்’. இந்த இரு வார்த்தைத் தடுப்புகளும் நீதிமன்றங்களில் உடைந்தது 1948இல். நியூ மெக்சிகோ வழக்கைத் தொடுத்த மிகேல் டிரஹீயோ போரில் மரைன் படையில் பணியாற்றித் திரும்பியவர்.

ஆக, சின்னத்தின் நான்கு பக்கங்களில் இரண்டு பக்கங்கள், எந்த மக்களின் குறியைத் தோளில் ஏற்றினவோ அந்த மக்களை வாக்குச்சாவடியின் வாசலில் நிறுத்திவைத்த மாநிலங்கள். ரொலான் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலில், பிரெஞ்சு ராணுவ உடையில் சல்யூட் அடிக்கும் கறுப்பின இளைஞனின் பத்திரிகை அட்டைப்படத்தை எடுத்துப் பேசுகிறார். ஏகாதிபத்தியத்தைப் பற்றிக் கேள்வி எழவிடாமல் அந்த சல்யூட் அடைத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். இடிப்பறவையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. மரியாதை தெரிகிறது, மரியாதைக்குப் பின்னால் இருந்த சட்டம் தெரியவில்லை.

இதனால் அந்தப் படைவீரர்களின் போர் பொய்யாகிவிடாது. இத்தாலியில் காட்டிய வீரத்திற்காக நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதைப் பெற்றவர்களில் இந்த டிவிஷனின் எர்னஸ்ட் சில்டர்ஸ் க்ரீக் இனத்தவர்; ஜேக் மான்ட்கோமரி செரோக்கி இனத்தவர். இவ்விரு இனங்களும் 1830களில் சொந்த நிலத்திலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டவை. துரத்திய ராணுவத்தின் உடையில் நூறாண்டுக்குப் பின் அவர்களுடைய வாரிசுகள் நின்றார்கள். ஒரே துணியில் இரண்டு வரலாறுகள் தைக்கப்பட்டிருக்கின்றன.

4

சரி, சேகரிப்பாளன் இந்தத் துணியை எப்படி வாசிக்கிறான்? அவனுடைய முதல் கேள்வி: அசலா, போலியா? அதற்கென ஓர் அறிவியலையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். போருக்குப் பிந்தைய நூல்களிலும் சலவைத்தூள்களிலும் வந்த வெளுப்பூட்டிகள் பளிச்சென்று ஒளிரும், பழைய பருத்திநூல் ஒளிராது. சின்னத்தின் ஓரத்தைப் பார்ப்பார்கள்; தடித்த ஓரத்தையல் இருந்தால் அது பிற்காலத்தது. இரும்புத்தொப்பியில் தாடைவார் மாட்டும் வளையம் அசையாததா, அசைவதா என்று சோதிப்பார்கள், அசையாதது முந்தியது. சட்டையின் உள்பக்கம் சலவைக் குறியைத் தேடுவார்கள்: பெயரின் முதலெழுத்தும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும். இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உள்ளூர்த் தையல்காரர் கையால் செய்த சின்னம் என்றால் மவுசு தனி. ஸ்வஸ்திகா போட்ட பழைய 45ஆம் சின்னத்துக்கும் அப்படித்தான். போலிகளும் சந்தையில் உண்டு. அரசு வெட்கப்பட்டு மறைத்தது எதுவோ அது சந்தையில் அரியதாகிவிடுகிறது.

இந்த நுட்பத்தைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. சுவடியின் எழுத்தமைதியைப் பார்த்துக் காலம் குறிக்கும் பதிப்பாசிரியனும் இதே வேலையைத்தான் செய்கிறான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சேகரிப்பாளன் பொருள்களைப் பயன்பாட்டின் சுமையிலிருந்து விடுவிக்கிறான் என்று வால்ட்டர் பெஞ்சமின் கருதினார். சீருடையின் பயன்பாடு என்ன? கொல்வதும் கொல்லப்படுவதும். அதிலிருந்து விடுபட்ட சீருடை எதுவாக ஆகிறது?

சந்தையில் அதிகம் கிடைக்கும் உடை எது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஐசன்ஹோவரின் பெயரால் ‘ஐக் ஜாக்கெட்’ என்று அழைக்கப்படும் இடுப்பளவுக் கம்பளிச் சட்டை. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அணிந்து வந்தது. வலது மார்பில், விடுவிக்கப்பட்டதற்கு அடையாளமாக ஒரு கழுகு. பார்ப்பதற்கு வாத்து போல இருந்ததால் வீரர்கள் அதைக் கேலியாக ‘கிழிந்த வாத்து’ என்றார்கள். ஆன்சியோவின் சேற்றில் கிடந்தவன் உடுத்தியிருந்தது இதுவல்ல. அந்த உடை மக்கிப்போனது, எரிக்கப்பட்டது, காயம்பட்டவனின் உடம்பிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எறியப்பட்டது. அலமாரியில் தொங்குவது திரும்பி வந்தவனின் உடை. திரும்பாதவனின் உடை பெரும்பாலும் சேகரிப்புக்குள் வருவதே இல்லை.

இந்த டிவிஷனிலிருந்தே வந்த பில் மால்டின் என்ற கார்ட்டூனிஸ்ட் இதைப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய வில்லியும் ஜோவும் சவரம் செய்யாத, கசங்கிய, ஈரம் காயாத சிப்பாய்கள். தளபதி பேட்டனுக்கு அதுவே எரிச்சல். மால்டினுக்கு 1945இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவருடைய மூலச் சித்திரங்கள் பின்னர் ஓக்லஹோமா சிட்டியில் 1976இல் திறக்கப்பட்ட 45ஆம் டிவிஷன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. இஸ்திரி போட்ட சீருடைகளும் அழுக்குச் சிப்பாயின் கோடுகளும் ஒரே கூரையின் கீழ். உண்மை எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

5

துணியில் ஒட்டாத சில காரியங்களும் இருக்கின்றன. 1943 ஜூலை 10 அன்று டிவிஷன் சிசிலியில் இறங்கியது. நான்கு நாள் கழித்து, பிஸ்காரி விமானத்தளத்தின் அருகே, 180ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள் இரண்டு வேறு சம்பவங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைச் சுட்டுக்கொன்றார்கள். பெரும்பாலோர் இத்தாலியர். ராணுவ நீதிமன்றம் ஒரு சார்ஜெண்டுக்கு ஆயுள்தண்டனை விதித்தது. ஓராண்டு சொச்சத்தில் வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு காப்டன் விடுவிக்கப்பட்டு அந்த ஆண்டு இறுதியில் இத்தாலியில் போரில் இறந்தார். விஷயம் வெளியே கசியாமல் நெடுங்காலம் பார்த்துக்கொள்ளப்பட்டது.

1945 ஏப்ரல் 29 அன்று இதே டிவிஷனின் 157ஆம் ரெஜிமெண்ட், வேறொரு டிவிஷனின் ஆட்களும் வந்து சேர, டாக்கௌ வதைமுகாமை விடுவித்தது. முகாமை நெருங்கியவர்கள் பார்த்தது பிணங்கள் நிறைந்த ரயில்பெட்டிகளை. உள்ளே சரணடைந்த எஸ்.எஸ். காவலர்கள் சிலரை அவர்கள் சுட்டார்கள். விசாரணை நடந்தது, ராணுவ நீதிமன்றம் வரை போகவில்லை. பின்னர் ம்யூனிக்கில் ஹிட்லரின் வீட்டிலிருந்து எடுத்த பொருள்கள் நினைவுப்பொருள்களாகக் கடல் கடந்து போயின. சில மேற்சொன்ன அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தன. 1930களில் ஸ்வஸ்திகாவைத் தோளிலிருந்து அவிழ்த்த டிவிஷனின் காட்சிக்கூடத்துக்கு அதே குறி வெற்றிப்பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது.

பிஸ்காரியும் டாக்கௌவும் ஒன்றல்ல. ஒன்றை வைத்து மற்றதைச் சமன்செய்வது அயோக்கியத்தனம். நான் சொல்ல வருவது இதுதான்: இரண்டு இடத்திலும் தோளில் இருந்தது ஒரே இடிப்பறவை. புற ஊதா விளக்குக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருண்டு நிற்கும். ‘அசல்’ என்ற தீர்ப்பு வந்தவுடன் விசாரணை முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி பிறக்கிறது. சேகரிப்பின் கருத்தியல் இந்த நிம்மதியில்தான் குடியிருக்கிறது. சூசன் ஸ்டூவர்ட் 1984இல் வந்த தம் நூலில் நினைவுப்பொருளையும் சேகரிப்பையும் பிரித்துக்காட்டினார். நினைவுப்பொருள் ஓர் அனுபவத்தைச் சுட்டும்; சேகரிப்பு தன் வரிசையை மட்டுமே சுட்டும். சிப்பாயின் பெட்டியில் இருந்தவரை அந்தச் சட்டைக்கு ஒரு கதை இருந்தது. அவன் செத்தபின் பேரன் விற்ற அன்று அது வரிசையில் ஓர் எண் ஆகிறது. பதக்கம் ஒருவனுக்கு, கடிதங்கள் ஒருவனுக்கு, சட்டை இன்னொருவனுக்கு என்று வியாபாரி பிரித்து விற்றால் அந்த எண்ணும் சிதறிவிடும்.

6

அப்படியானால் சேகரிப்பாளனை விரட்டிவிடலாமா? முடியாது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சாம்பல். மாற்றுப்படிகள் எடுத்து வைக்கப்படவில்லை. ஒரு சாதாரணச் சிப்பாய் எங்கே இருந்தான், எதைச் செய்தான் என்பதற்குப் பல குடும்பங்களில் இன்று எஞ்சியிருப்பது சட்டையின் உள்பக்கச் சலவை எண்ணும் வலது தோளில் தைத்த பழைய பிரிவின் சின்னமும்தான். வலது தோள் என்பது அவன் எந்தப் பிரிவோடு போர்க்களம் போனான் என்பதற்கான இடம். காகிதம் எரிந்துபோன நாட்டில் துணி ஆவணம் ஆகிவிட்டது. அதைப் பத்திரப்படுத்தியவன் அரசு அல்ல, இந்தக் கிறுக்கன்தான்.

ஆகவே நம்முடைய விமர்சனம் சேகரிப்பதை நோக்கியது அல்ல, வாசிப்பு பாதியில் நின்றுவிடுவதை நோக்கியது. நூலின் வயதைக் கண்டுபிடிக்கும் கண் அந்தக் குறி யாருடையது என்றும் கேட்க வேண்டும். சலவை எண்ணைத் தொடர்ந்து ஒரு பெயரைக் கண்டுபிடிப்பவன் அந்தப் பெயரோடு சிசிலிக்கும் போக வேண்டும். காட்சிப்பெட்டியில் சின்னத்துக்குக் கீழே சிறு அட்டை ஒன்று வைப்பார்கள் அல்லவா? அங்கீகரித்த ஆண்டு, நூலின் வகை, அரிதா சாதாரணமா என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, இந்தப் பறவையின் சொந்தக்காரர்கள் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஓட்டுப் போடுவதற்கு 1948 வரை காத்திருந்தார்கள் என்று ஒரு வரி. அட்டையில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்பது அவ்வளவுதான்.