அழுகையை நிறுத்திய தொப்பி

1820இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், ஏழை நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில், சாமுவேல் வில்டர்ஸ்பின் ஒரு மழலையர் பள்ளியை ஏற்று நடத்த வந்தார். தாய்மார் விட்டுவிட்டுப் போனதும் பிள்ளைகள் வீறிட்டு அழுதனர். என்ன செய்வதென்று தெரியாமல், மனைவியின் தொப்பியைக் கொம்பில் மாட்டி ஆட்டினார். அழுகை சட்டென்று அடங்கியது!

கண்ணுக்கு ஒன்றைக் காட்டினால்தான் பிஞ்சு மனம் திறக்கும் என்பது அவருக்கு விளங்கியது.

வேதாகமக் காட்சிப் படங்களை அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். யோசேப்பின் கனவு, இயேசுவின் பிறப்பு என ஒவ்வொரு படத்தையும் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பார். பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும். பிஞ்சுகளை அச்சத்தால் அல்ல, அன்பால் நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

1823இல் இந்த முறையை நூலாக்கினார். பிறகு பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று இத்தகைய பள்ளிகள் தொடங்க வழிகாட்டினார்.