நீரிணையின் இரு கரைகளும் துல்லியப் பண்ணையமும்

உட்லண்ட்சில் நின்று வடக்கே நோக்கின் ஜொகூர் நீரிணையும், 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலமும் தோன்றும். நாள்தோறும் காய்கறி வண்டிகள் அப்பாலத்தின் வழியே இங்கு வருகின்றன. ஏறத்தாழ 180 ஆண்டுகட்கு முன்னரோ உழவர்களே இந்நீரிணையைக் கடந்து வடக்கே சென்றனர். அவர்கள் சென்ற காரணத்தை அறிந்தால், துல்லியப் பண்ணையம் என்று இன்று பேசப்படுவதன் தேவை விளங்கும்.

அக்காலத்துச் சீன உழவர் காம்பியரையும் மிளகையும் சேர்த்தே பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்சினால் காசுக்கட்டியை ஒத்த பசை கிடைக்கும்; தோல் பதனிடுவோர் அதனை விரும்பி வாங்கினர். எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆயின் காய்ச்சுதற்கு விறகு வேண்டுமே! அருகிலிருந்த காடெல்லாம் அடுப்புக்கு இரையாயிற்று. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் வளம் குன்றியது. உழவர் நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காடு தேடினர். 1844 முதல் ஜொகூர்த் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றங்கரைகளுக்கு உரிமைச் சீட்டு வழங்கவே, பலர் அக்கரை ஏகினர். லிம் சூ காங், சுவா சூ காங் என்னும் பெயர்கள் அத்தோட்டக் குடியிருப்புகளின் எச்சமாகும்.

இன்று பெயர்ந்து செல்ல நிலமில்லை. தீவின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே வேளாண்மைக்கு உரியது. வானமும் ஒழுங்குடையதன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இவ்விடத்தில், 2014 பிப்ரவரியில் சாங்கியில் பெய்தது 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. கீரைக்கு அடைமழையும் பகைதான். இலை கிழியும், வேர் அழுகும்.

ஆகவே அளந்து பயிரிடும் முறை தோன்றிற்று. 2012இல் லிம் சூ காங்கில் ஸ்கை கிரீன்ஸ் நிறுவனம் ஒன்பது மீட்டர் உயரக் கோபுரங்களில், நீர்விசையால் சுழலும் தொட்டிகளில் கீரை வளர்த்தது. பின்வந்தோர் சிலர் கதிரவனையே விலக்கி மின்விளக்கு ஏற்றினர். வெப்பத்தையும் ஈரத்தையும் கருவிகள் அளந்தன. மழையச்சம் நீங்கியது உண்மை. ஆனால் அதன் இடத்தில் மின்கட்டண அச்சம் வந்து அமர்ந்தது. 2022இல் எரிபொருள் விலை ஏறியபின் சில பண்ணைகள் மூடப்பட்டன. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்று 2019இல் வகுத்த குறிக்கோளை 2025இல் அரசு கைவிட்டு, 2035க்கு வேறு இலக்குகளை வகுத்தது. 2024இல் உண்ணப்பட்ட காய்கறியில் இங்கு விளைந்தது 3 விழுக்காடே.

தமிழகத்தில் வேறொரு வழி கண்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004 முதல் 2007 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்திற்று. உளிக்கலப்பையால் ஆழ உழுது, குழித்தட்டில் வளர்த்த நாற்றை நட்டு, உரம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக வேரடியில் விட்டனர். அங்கே வானத்தை மறைக்கவில்லை. கிடைத்த நீரையே அளந்து செலவிட்டனர். மின்விளக்குக்குச் செலவில்லை என்பது பெரிய வேறுபாடு. கருவிகளுக்கு அரசு முதலில் பெருமானியம் அளித்துப் பின்னர் படிப்படியாகக் குறைத்தது. உழவர்களோ சங்கமாகக் கூடித் தம் விளைச்சலைத் தாமே விலை பேசி விற்றனர்.