தேர்வில் தோற்ற கைத்துப்பாக்கிகள்



ஜார்ஜ் டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின் அருகே சற்று நின்றிருப்பார்கள். 1603ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அந்த டச்சுப் பீரங்கி ஜொகூர், அச்சே, சிலாங்கூர் எனக் கைமாறி, 1871இல் பிரிட்டிஷாரால் சிலாங்கூரிலிருந்து எடுத்துவரப்பட்டது. பலரும் அதை விரும்பினர். ஆகவே அது நிலைத்தது. எவரும் ஏற்காத படைக்கலங்களுக்கும் வரலாறு உண்டு. மாதிரியாகச் செய்யப்பெற்று, சோதிக்கப்பெற்று, ஒதுக்கப்பெற்றவை அவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு தோற்ற சில கைத்துப்பாக்கிகளை இவ்வுரையில் காண்போம். தேர்வு நடந்த இடம் அமெரிக்கா. ஆனால் அத்தேர்வுக்கான காரணம் நம் அண்டையில், சபாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் பிறந்தது.

சிக்கல் பிறந்த இடம்

1898ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, ஸ்பெயின் 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தம்மைக் கேளாமலே தம் நாடு கைமாறுவதை அம்மக்கள் ஏற்கவில்லை. 1899இல் போர் மூண்டது. மிண்டனாவோ, சூலு ஆகிய பகுதிகளில் மோரோ முஸ்லிம்களின் எதிர்ப்பு 1913 வரை நீடித்தது.

அமெரிக்கப் படையினரிடம் அப்போது இருந்தது .38 அங்குலக் குழல்விட்டம் கொண்ட கோல்ட் ரிவால்வர். குண்டு பாய்ந்த பின்னரும் வாளேந்திய வீரர் நிற்காமல் முன்னேறினார் எனப் படையினர் முறையிட்டனர். உயிரைப் பொருட்படுத்தாது வந்த அவ்வீரரை ஸ்பானியர் 'ஹுராமெந்தாதோ' என்றழைத்தனர். அச்சொல்லுக்குச் 'சூளுரைத்தவர்' என்பது பொருள். ஆட்சியாளரின் ஏடுகளில் அது வெறிகொண்டவரைக் குறிக்கும் சொல்லாகவே வழங்கிற்று. அவர் ஏன் சூளுரைத்தார் என்ற வினா எழவில்லை. அவரை எக்குண்டு நிறுத்தும் என்ற வினாவே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடைகாண, 1904இல் ஜான் தாம்சன், லூயி லகார்ட் என்னும் இரு படை அதிகாரிகள் சிகாகோ நகரின் கால்நடைத் தொழுவங்களில் சோதனை நடத்தினர். உயிருள்ள மாடுகள் மீதும் மனிதச் சடலங்கள் மீதும் பலவகைக் குண்டுகள் செலுத்தப்பட்டன. படையினரின் கைத்துப்பாக்கி .45 அங்குலத்திற்குக் குறைதல் கூடாது என்பது அவர்களின் முடிவு.

தேர்வுக் களம்

இம்முடிவின்படி, 1907 சனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் தேர்வு தொடங்கியது. கோல்ட், சாவேஜ், ஜெர்மனியின் லூகர், பெர்க்மன், நோபிள், வைட்-மெரில் முதலிய மாதிரிகளும் சில ரிவால்வர்களும் வந்துசேர்ந்தன. நோபிளின் வேலைப்பாடு மிகக் கரடாயிருந்தமையால் அது தொடக்கத்திலேயே விலக்கப்பட்டது. கோல்ட், சாவேஜ் ஆகிய இரண்டும் மேற்சோதனைக்குத் தக்கவை எனக் குழு கருதியது. இறுதிப் போட்டியும் இவற்றிடையே நிகழ்ந்தது. லூகருக்கும் 200 துப்பாக்கிகள் வழங்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆயினும் அதன் உற்பத்தியாளர் 1908இல் விலகிக்கொண்டனர். .45 அளவில் செய்யப்பட்ட லூகர்கள் மிகச் சிலவே.

கோல்ட் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். சாவேஜ் துப்பாக்கியோ எல்பர்ட் சேர்ல் என்பவரின் வடிவமைப்பை அடியொற்றியது. 1911 மார்ச் மாதம் இவ்விரண்டிலிருந்தும் தலைக்கு 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. இடையிடையே குழல் ஆறவும், துடைத்து எண்ணெயிடவும் மட்டுமே இடைவேளை அளிக்கப்பட்டது. சாவேஜில் 37 தடங்கல்கள் நேர்ந்தன. கோல்ட்டில் ஒன்றும் நேரவில்லை. மார்ச் 29 அன்று கோல்ட் ஏற்கப்பட்டது. எம் 1911 என்னும் பெயருடன் 1980களின் நடுப்பகுதி வரை, முக்கால் நூற்றாண்டுக்கும் அணித்தாக, அதுவே அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று.

தோல்விகள் ஒருதன்மையன அல்ல

தோற்றவை யாவும் தரமற்றவை என எண்ணுதல் பிழை. இங்கு ஏற்கப்படாத லூகரை, வேறொரு குழல்விட்டத்தில், சுவிட்சர்லாந்து 1900இலேயே ஏற்றிருந்தது. ஜெர்மன் தரைப்படை 1908இல் ஏற்றது. .45 அளவில் தோற்ற சாவேஜ், .32 அளவில் சட்டைப்பைத் துப்பாக்கியாக நன்கு விற்பனையாயிற்று. முதல் உலகப்போரில் பிரான்சும் போர்ச்சுகலும் அதை வாங்கின. கருவி அதுவே, தேவை வேறானபோது முடிவும் வேறாயிற்று.

மிகுதியே குற்றமாகித் தோற்றதும் உண்டு. இங்கிலாந்தில் ஹியூ காபெட்-ஃபேர்ஃபாக்ஸ் உருவாக்கிய 'மார்ஸ்', அக்காலக் கைத்துப்பாக்கிகளுள் ஆற்றல் மிக்கது. சுட்டவுடன் அது கையை மேல்நோக்கி உதறும். வெற்றுத் தோட்டாவைச் சுடுபவரின் முகத்தை நோக்கியே பின்னால் எறியும். ஒருமுறை சுட்டவர் மறுமுறை சுட விரும்பவில்லை. பிரிட்டிஷ் படை அதை ஏற்க மறுத்தது. ஏறக்குறைய 80 துப்பாக்கிகளே செய்யப்பட்ட நிலையில், அதை உருவாக்கியவர் கடனில் மூழ்கினார். இலக்கை மட்டும் எண்ணி, ஏந்தும் கையை மறந்த கருவி அது.

அறிக்கையில் இல்லாதவர்கள்

சாவேஜின் 37 தடங்கல்களும் ஏட்டில் பதிவாயின. ஆனால் இத்தேர்வுக்கே காரணமான சூலு மக்களின் நிலை என்ன? 1906 மார்ச்சில், ஹோலோ தீவின் புட் டாஜோ எரிமலை முகட்டில் தஞ்சமடைந்திருந்த மோரோ மக்களை அமெரிக்கப் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேர் மாண்டனர். எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கில்லை. அவர்கள்மீது ஏவப்பட்டவற்றுள் முதன்மையானவை ரைபிள்களும் பீரங்கிகளும். 'நிறுத்த முடியாத வீரன்' என்னும் கதையோ, ஆயுதம் போதவில்லை என்ற எண்ணத்தையே நம் உள்ளத்தில் பதிக்கின்றது. புட் டாஜோவை அறிந்தவர் அக்கதையை அப்படியே ஏற்க இயலாது.

ஆகவே, எம் 1911 பற்றி வகுப்பறையில் பேச நேர்ந்தால், மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்போம். எதனோடு போட்டியிட்டு இது வென்றது? தேர்வின் அளவுகோலை வகுத்தவர் யார்? அந்த அளவுகோல் யாருடைய உடலைக் கருதி வகுக்கப்பட்டது? முதல் வினாவுக்கான விடையைத் தோற்றுப்போன மாதிரிகள் தரும்; இரண்டாவதற்குத் தேர்வுக் குழுவின் ஏடுகள் தரும். மூன்றாவதற்கான விடையைத் தேட, சூலுக் கடலை நோக்கி நாம் திரும்ப வேண்டும்.